ஒன்பது நிமிடத்தில் வண்டி

அனுமதிக்கவா என்று போன் கேட்டது. கேட்டதோடு நில்லாமல் பதிலையும் அதுவே மூன்று விதமாக எழுதி வைத்திருந்தது. செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும். இந்த ஒரு முறை மட்டும். அனுமதிக்க வேண்டாம். கமலவேணி மூன்றையும் இரண்டு தடவை படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தாள். எதை அனுமதிப்பது? அவள் இருக்கும் இடத்தை. அவள் இருக்கும் இடம் இந்த ஒன்றரை வருடமாக அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. தாழம்பூரில் பதினாலு மாடிக் கட்டடம், அதில் ஒன்பதாவது மாடி, அதில் ஹால், ஹாலில் சோபாவின் ஓரம், செருப்பைப் போட்டுக்கொண்டு மடியில் கைப்பையோடு ஒரு கிழவி, எழுதிக்கொள். இப்படி வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள ஆள் இருந்த காலத்தில் வேலை பார்த்தவள் அவள். மணி மூன்று நாற்பது. பத்து நிமிடம் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா பேசினாள். "உங்க வீட்டுக்காரருக்கு அஞ்சு மணிக்குத் தொண்டையில டியூப் போட்டுடறோம்மா. ஆக்ஸிஜன் ஏற மாட்டேங்குது. டியூப் போட்டா மயக்கத்துலயே வெச்சிருப்போம், பேச முடியாது. அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்துடுங்க." எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, "பாக்கலாம்மா" என்றாள். அந்தப் பாக்கலாம் கமலவேணிக்குத் தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆகாத காரியத்துக்கெல்லாம் அவளே அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இங்கிருந்து ஆஸ்பத்திரி அரை மணி நேரம். நாலரைக்குக் கிளம்பினால்கூடப் பிடித்துவிடலாம். பெருவிரலை எடுத்துத் திரைக்கு மேலே கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது. முப்பத்தொரு வருடம் அடுத்தவர் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றிப் பதிவேட்டில் உருட்டியவள் அவள். விரலை விறைப்பாக வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். "தளர விடுங்கய்யா, நான்தான் உருட்டணும், நீங்க உருட்டக் கூடாது" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. எங்கே வைக்கச் சொன்னார்களோ அங்கே வைத்துவிட்டு, மறு மாதமே அடித்துக்கொண்டு அழுதபடி ஓடிவந்தவர்களையும் பார்த்திருக்கிறாள். வாசித்துக் காட்டினார்களா என்று கேட்டால், காட்டினாங்கம்மா, புரியல என்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்று அப்போது கொஞ்சம் இளப்பமாகக்கூட நினைத்திருக்கிறாள். இப்போது நல்ல தமிழில், பெரிய எழுத்தில், மூன்று வரிதான் இருக்கிறது. மூன்றும் நன்றாகப் படிக்க முடிகிறது. எதில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் புரியவில்லை.

இதெல்லாம் மகன் பரிதியின் வேலை. இளம்பரிதி என்று கணவர் ஆசையாக வைத்த பெயரை டொரண்டோவில் எப்படிச் சிதைக்கிறார்களோ, அவளுக்கு அவன் பரிதி. அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்த ஆறு நாளாக அங்கே அவன் விடிவதற்கு முன் எழுந்து, இங்கே அவளுக்கு வண்டி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கடல் தாண்டி இருப்பவன் தாழம்பூரில் கார் வரவழைப்பான், வாசலில் நிற்கும் அம்மா நம்பர் பிளேட்டை மட்டும் சரிபார்த்து ஏறிக்கொள்வாள். போய்ச் சேர்ந்தாயா என்று கேட்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று சொல்லிவிடுவான். பரிமாறிய இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த மாதிரி ஆறு நாள் ஓடியது. இன்றைக்கு அவன் ஆகாயத்தில் இருக்கிறான். அப்பாவைப் பார்க்கத்தான் வருகிறான், நாளைக் காலை இறங்குவான், அதுவரைக்கும் அவன் போன் செத்த போன். கிளம்புவதற்கு முன் வீடியோவில் ஒரு தடவை பாடம் நடத்தினான். "இங்க தொடும்மா, இப்ப இங்க, இப்ப கன்ஃபர்ம், அவ்ளோதான்." அவ்ளோதான் என்று அவன் சொன்ன வேகத்தில் அவளுக்கு முதல் தொடலே தப்பிப்போயிருந்தது. "புரிஞ்சுதா?" என்றான். "தெரியும்டா, தெரியும், நீ உன் பாஸ்போர்ட்டைப் பத்திரமா எடுத்து வை" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? இன்னொரு தடவை காட்டு என்று கேட்டிருந்தால் காட்டாமலா போயிருப்பான்? கேட்டிருந்தால் அவன் முகத்தில் ஒரு கணம் ஒன்று வந்து போகும். எரிச்சல் இல்லை, எரிச்சல் என்றால் திருப்பி ஒரு அதட்டுப் போட்டுவிடலாம். அவள் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டபோது அவள் முகத்திலேயே வந்தது அது. அதை மகன் முகத்தில் பார்க்க வேண்டாம் என்றுதான் தெரியும் என்றாள். அந்தத் தெரியும் இப்போது வந்து எதிரே உட்கார்ந்துகொண்டு, எங்கே, செய் பார்க்கலாம் என்கிறது. ஆறு மாதம் முன்பு ஒரு தடவை அவளாகவே பிடித்த கதையும் ஒன்று உண்டு. கல்யாண வீட்டுக்குப் போக. வண்டி வந்ததாம், பின்பக்க கேட்டுக்கு வந்ததாம். இவள் முன்பக்கம் நின்றாள். "லொகேஷன் இங்கதாம்மா காட்டுது, நான் என்ன பண்ணட்டும்? தெரியலன்னா வீட்ல யாரையாச்சும் போடச் சொல்ல வேண்டியதுதான!" என்று ஒருவன் கத்திவிட்டுப் போனான். திரும்ப லிஃப்ட் ஏறி வந்து பட்டுப்புடவையை மடித்து வைத்தாள். கல்யாணத்துக்குப் போகவில்லை, முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொன்னாள். அன்றைக்குப் போனது ஒரு சாப்பாடு. இன்றைக்கு அப்படி வைத்துக்கொள்ள முடியாது. இந்த ஒரு முறை மட்டும் என்பதைத் தொட்டாள். அதுதான் கொஞ்சம் பயமில்லாததாகத் தெரிந்தது.

ஒன்றும் வெடித்துவிடவில்லை. வரைபடம் வந்தது. நடுவில் ஒரு நீலப் புள்ளி, அது அவளாம். புள்ளி இருந்த இடத்தில் நிற்காமல் பக்கத்துக் காலி மனைக்குப் போய்விட்டு மறுபடியும் கட்டடத்துக்குள் வந்தது. நான் இங்கே அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், நீ எங்கே போகிறாய் என்று அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். காலி வீட்டில் குரல் கூடுதலாகக் கேட்டது. அவர் இருந்தால் இவ்வளவு சத்தமாகப் பேசினால்தான் காதில் விழும். தணிகாசலம் சர்க்கரை ஆலையில் கரும்பு அரைக்கும் பகுதியில் இருபத்தெட்டு வருடம் நின்றவர், ரிட்டையர் ஆகும்போது பி.எஃப் பணத்தோடு இரண்டு செவிட்டுக் காதுகளையும் வாங்கிக்கொண்டு வந்தார். காது மெஷினை ஐ.சி.யூ.வில் கழற்றி ஒரு கவரில் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார்கள். கைப்பையில்தான் இருக்கிறது. நேற்று மாலை அவர் முகமூடியைக் கையால் தூக்கிவிட்டு, "வேணி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். மூச்சு இழுத்தது. பக்கத்தில் இருந்த இயந்திரம் கூவ ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்தாள். கமலவேணிக்கு அந்தக் கூவல்தான் பெரிதாகப் பட்டது. முகமூடியை அவளே இழுத்து மூடி, கையைக் காட்டிக் காட்டி, "இப்பப் பேசாதீங்க, நாளைக்குச் சொல்லுங்க, நாளைக்கு" என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷன். நாற்பத்து நாலு வருடத்தில் அவர் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்று முன்னுரை போட்டுப் பேசியதே கிடையாது. சொல்வதாக இருந்தால் சொல்லிவிடுவார், இல்லை என்றால் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். என்னவாக இருக்கும்? தன் தம்பியோடு பேச்சு நின்றுபோனதைப் பற்றியா? அலமாரிச் சாவியா? தகனமா அடக்கமா என்பதா? இல்லை, அவளைப் பற்றிச் சுருக்கமாக எதையாவது நல்லதாகச் சொல்ல நினைத்தாரா? அப்படி நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இந்த வயதில் இந்த ஆசை எதற்கு? ஆனால் இருந்தது. கேட்டே ஆக வேண்டும். நேற்று ஒரு நிமிடம் விட்டிருந்தால் கேட்டிருக்கலாம், ஒரு நிமிடத்தில் உயிர் போயிருக்குமா என்ன? போயிருந்தாலும் போயிருக்கும். நாளைக்கு என்று அவள்தான் சொன்னாள், அந்த நாளையில்தான் இப்போது மணி நாலு ஆகிறது.

ஆஸ்பத்திரி பெயரைப் போட்டாள், அதே பெயரில் நான்கு வந்தன, கண் ஆஸ்பத்திரி, பல் ஆஸ்பத்திரி, வேறு ஊரில் ஒன்று. சரியானதைத் தேடி எடுக்க ஆறு நிமிடம். உறுதிசெய் என்பதைத் தொட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றியது நின்று ஒரு வண்டி நம்பரும் ஒரு மீசையும் வந்தன. வந்த கையோடு போனும் அடித்தது. "எங்கம்மா இருக்கீங்க?" என்றான் அந்த மீசைக்காரன். கமலவேணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். இந்தக் கேள்விக்கு அவள் அளவுக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த அலுவலகத்திலேயே கிடையாது. ஒரு இடத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல வேண்டுமென்றால் நாலு பக்கமும் எல்லை சொல்ல வேண்டும், பத்திரத்தில் சக்குபந்தி என்று அதற்குப் பெயர். "வடக்கே மெட்ரோ வாட்டர் தொட்டி இருக்குப்பா. தெற்கே காலி மனை, சுத்துச்சுவர் போட்டிருக்கும். கிழக்கே முப்பதடி ரோடு. மேற்கே ஏரிக்கரை. இதுக்கு நடுவுல இருக்கிற கட்டடம், பி பிளாக்" என்றாள். "அம்மா, டிராப் எங்க?" என்றான். சொன்னாள். "அங்க இப்ப டிராஃபிக்கும்மா, வேற வண்டி போட்டுக்கங்க" என்றான். "தம்பி, அவருக்கு அஞ்சு மணிக்கு" என்று ஆரம்பித்தாள். அஞ்சு மணிக்கு என்ன என்பதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று அவள் ஒரு கணம் வாக்கியம் தேடினாள். அதற்குள் வைத்துவிட்டான். திரையில் உங்கள் பயணம் ரத்து செய்யப்பட்டது என்று வந்தது, ஏன் ரத்து செய்தீர்கள் என்று அவளையே காரணமும் கேட்டது. நான் செய்யவில்லை என்று அங்கே ஒரு வரி இல்லை. காத்திருக்க நேரமில்லை, தவறுதலாகப் பதிவு செய்துவிட்டேன், திட்டம் மாறிவிட்டது. எதுவும் உண்மையில்லை. பொய்யில் கை வைக்காமல் அடுத்த பக்கம் போக முடியாது போலிருந்தது. பின்னால் போவதற்கான அம்பைத் தொட்டாள், எல்லாமே போய்விட்டது, முதல் பக்கத்தில் ஏதோ தீபாவளிச் சலுகை சிரித்துக்கொண்டு வந்து நின்றது. கமலவேணிக்கு அழுகை வந்தது. அழுவதற்கு இது நேரமில்லை என்று அதையும் ஓரமாகத் தள்ளினாள்.

நாலு இருபத்தைந்து. எதிர் வீட்டைத் தட்டலாம், பூட்டியிருக்கிறது, அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் ஏழு மணிக்கு மேல்தான் வருவார்கள். மேல் மாடியில் யாரையும் தெரியாது. லிஃப்டில் சிரித்துக்கொள்கிறவர்கள் உண்டு, அவர்கள் வீட்டு எண் அவளுக்குத் தெரியாது. கீழே இறங்கினாள். கேட்டில் காவலுக்கு நிற்கும் ஒடிசாக்காரர், "அம்மா, ஆட்டோ நஹி, இல்லை" என்று வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். ஷேர் ஆட்டோ போகிற மெயின் ரோடு இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். டாக்டரம்மா பேசி முடித்த உடனே இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தால், முழங்கால் எப்படிக் கத்தினாலும் நாலேகாலுக்கு ரோட்டில் ஏறியிருப்பாள், ஐந்துக்கு முன்னால் அவர் கட்டில் பக்கத்தில் நின்றிருப்பாள். இப்போது நடந்தால் ரோட்டில் ஏறவே ஐந்தேகால். அப்போது நடக்காமல் விட்டது இந்தப் போனை நம்பி. போனை நம்பாமல் உட்கார்ந்திருந்தது அந்த முக்கால் மணி நேரமும். நம்பியதா நம்பாததா, எது கெடுத்தது? இரண்டுக்கும் நடுவில் நின்றதுதான் கெடுத்தது. மறுபடியும் செயலியைத் திறந்தாள், ஆஸ்பத்திரி பெயர் இந்தத் தடவை மேலேயே இருந்தது, தொட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே, ஏதாவது இடத்தில் விரல் பட்டு மறுபடியும் ரத்தாகிவிடுமோ என்று போனைப் பால் நிறைந்த பாலாடையைப் பிடிக்கிற மாதிரி ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டாள். நாலு முப்பத்தெட்டுக்கு, சகாயராஜ், வெள்ளை நிற வண்டி, ஒன்பது நிமிடத்தில் வருகிறார் என்று எழுத்து வந்தது. முப்பத்தெட்டும் ஒன்பதும் நாற்பத்தேழு. அங்கே போக அரை மணி. ஐந்தேகால். டாக்டர்கள் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்திருக்கிறார்கள்? தாமதமாகட்டும். இந்த நாட்டில் எல்லாமே தாமதமாகிறதே, இது ஒன்று தாமதமாகக் கூடாதா? சின்னக் கார்ப் படம் ஒன்று வரைபடத்தில் நகர்ந்தது. ஒன்பது எட்டாயிற்று. எட்டு ஏழாயிற்று. படம் திரும்பி, வந்த வழியே போவது மாதிரி முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஏழு பத்தாயிற்று. ஏழுக்கு அப்புறம் பத்து எப்படி வரும்? அவள் போனை ஆட்டிப் பார்த்தாள். அந்தப் பையன் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறானா, சிக்னலா, இவனும் வேற வண்டி போட்டுக்கங்க என்று சொல்லப் போகிறானா? போன் செய்து கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொண்டு ரத்து செய்துவிட்டால்? அரசாங்க ஆபீசில் முப்பது கிராமத்துக்குப் பதில் சொன்னவள், முகம் தெரியாத ஒரு சகாயராஜுக்குப் பயந்து கேட்டோரம் நின்றாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. "அம்மா, ஐ.சி.யூ.லேருந்து பேசறேன், வந்துட்டீங்களா?" நேற்றைய நர்ஸ்தான். "வந்துட்டே இருக்கேன்மா, வண்டி வந்துடும், கொஞ்ச நேரம் டாக்டர்கிட்ட" என்றாள். "எல்லாம் ரெடி பண்ணிட்டாங்கம்மா, இனிமே நிறுத்த முடியாது. ஐயா உங்ககிட்டப் பேசணும்னு சைகை காட்டிட்டே இருக்கார், அதான் போட்டேன். அவருக்குக் காது மெஷின் இல்லல்ல, நீங்க பேசினா கேக்காது. நான் அவர் வாய்கிட்டப் போனைப் பிடிச்சுக்கறேன், அவர் பேசுவார், நீங்க கேட்டுக்குங்க. ரெண்டு நிமிஷம்தான்மா." கமலவேணி போனைக் காதோடு அழுத்தினாள். மற்றக் காதை மறு கையால் பொத்திக்கொண்டாள். சரசரவென்று துணிச் சத்தம். அப்புறம் மூச்சு, பக்கத்தில், கன்னத்தில் படுகிற மாதிரி. "வேணி" என்றார். அப்போதுதான் காதுக்குள் டொக் டொக் என்று ஒரு சத்தம் குறுக்கே விழுந்தது. விட்டு விட்டு விழுந்தது. லைன் அறுந்துபோகிறதோ என்று பதறிப் போனை எடுத்துப் பார்த்தாள். சகாயராஜ் அழைக்கிறார் என்று இருந்தது. கீழே ஒரு சிவப்பு, ஒரு பச்சை. சிவப்பு என்றால் வைத்துவிடுவது. அதைத் தொட்டால் அவர் போய்விடுவார், நிச்சயம் போய்விடுவார். பச்சை என்றால் பேசுவது. பேசத்தானே வேண்டும்? பச்சையைத் தொட்டுவிட்டு அவசரமாகக் காதில் வைத்தாள். "ஏங்க, சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றாள், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும். "அம்மா, உங்க கேட் கிட்ட வந்துட்டேன், எங்க நிக்கறீங்க?" என்றது ஒரு குரல். "ஏங்க" என்றாள் மறுபடியும். "அம்மா, நான் டிரைவரும்மா." "நீ வைப்பா, போனை வை, அவர் பேசறார், உள்ள அவர் பேசிட்டிருக்கார்." "யாரும்மா? சரியா கேக்கல. நீலப் புடவையா நீங்க?"

பின்பக்க கேட்டைச் சுற்றிக்கொண்டு மூன்று நாலு நிமிடம் கழித்துத்தான் வெள்ளைக் கார் அவள் முன்னால் வந்து நின்றது. முப்பது வயதுப் பிள்ளை, நெற்றியில் வியர்வையோடு இறங்கினான், முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அவள் போனை அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான். "இந்தா இருக்காங்கம்மா, ஹோல்டுல இருக்காங்க. நீங்க என்னை எடுத்ததும் அவங்க ஹோல்டுக்குப் போயிட்டாங்க. கட் ஆகல" என்று எதையோ தொட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவ்ளோதான்மா என்று வேறு சொன்னான். காதில் வைத்தாள். மூச்சு இல்லை. நர்ஸ்தான் இருந்தாள். "அம்மா? லைன்ல இருக்கீங்களா? ஐயா பேசி முடிச்சுட்டார்மா. ரெண்டு நிமிஷம்னு சொன்னேன், விடாம மூணு நிமிஷத்துக்கு மேல பேசினார். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுன்னு நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். நடுவுல சிரிச்சார்கூட." கமலவேணி காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் கேட்டுச்சான்னு கையைக் காட்டிக் காட்டிக் கேக்கறார்மா. என்ன சொல்லட்டும்?" ஒருமுறை, இன்னும் ஒரே ஒரு முறை சொல்லச் சொல்லு என்று கேட்கலாம் என்று தோன்றியது. அந்தப் பக்கம் கட்டிலின் சக்கரம் உருள்கிற சத்தம் ஆரம்பித்திருந்தது, யாரோ மெஷினைத் தள்ளுப்பா என்றார்கள். மூன்று நிமிடம் பேசிய மூச்சு. அது அவ்வளவும் வீண் என்று அவரிடம் போய் யார் சொல்வது?

"கேட்டுச்சுன்னு சொல்லும்மா" என்றாள்.

"எல்லாமேவாம்மா?"

"எல்லாமே."

"தலையாட்டிட்டார்மா. நல்லா தலையாட்டிட்டார். டியூப் போட உள்ள கூட்டிட்டுப் போறாங்க, நீங்க பதறாம வாங்க" என்று நர்ஸ் வைத்துவிட்டாள். சகாயராஜ் பின்கதவைத் திறந்து அவள் கைப்பையை வாங்கி சீட்டில் வைத்தான், தலை இடிக்காமல் பார்த்து ஏறச் சொன்னான். அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஏரிக்கரையைத் தாண்டியது, மெயின் ரோட்டில் ஏறியது, ஏ.சி. போதுமா என்று அவன் கேட்டதற்குப் போதும் என்றாள். அணைந்துபோன போனை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை. நாளைக் காலை பரிதி பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அப்பா என்னம்மா சொன்னார் என்றுதான் கேட்பான். அவரைச் சிரிக்கவைக்கிற விஷயங்கள் இந்த நாற்பத்து நாலு வருடத்தில் அப்படி ஒன்றும் நிறைய இல்லை. அதில் எதைச் சொல்லும்போது சிரித்திருப்பார் என்று அவள் ஒவ்வொன்றாக யோசிக்க ஆரம்பித்தாள்.